அரவை, ரவை, டப்பா

பூட்டைக் காதால் திறப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது சினிமா. கறுப்புக் கையுறை மாட்டிய ஒருவன் இரும்புப் பெட்டியின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். க்ளிக் என்று ஒரு சத்தம் வரும். கதவு திறந்துகொள்ளும். க்ளிக்காவது கத்தரிக்காயாவது! எண் பூட்டைத் திறப்பது விரல். விரலுக்கு அடுத்தது கண். அதற்கும் அடுத்தது பொறுமை. எனக்குப் பூட்டுகளிடம் மட்டும்தான் பொறுமை உண்டு, மனிதர்களிடம் கிடையாது என்று என் அண்ணி அம்சவேணி சொல்வாள். அவள் என்னைப் பற்றிச் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

என் பெயர் சுகாசினி. மின்வாரிய அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு எங்கள் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். நான் எதையும் மறுப்பதில்லை, அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே. பெரிய காஞ்சிபுரத்தில் அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். அந்த அறையில் ஒரு பலகை, பலகையில் வரிசையாகப் பழைய எண் பூட்டுகள். காயலான் கடையில் எடுத்தவை சில, ஆன்லைனில் வரவழைத்தவை சில. எண் தெரியாமல் அவற்றைத் திறப்பது என் பொழுதுபோக்கு. திறந்ததும் பார்க்காமலேயே எண்ணை மாற்றி வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். "தொறந்தா உள்ள என்னதான் இருக்கும்?" என்று அண்ணி கேட்பாள். உள்ளே ஒன்றும் இருக்காது, பலகைக்குப் பின்னால் அவள் வீட்டுச் சுவர்தான் இருக்கும். இது திருட்டுத் தொழில் என்பது அவளுடைய முடிவு.

விஷயம் எளிதுதான். பூட்டுக்குள் மூன்று சக்கரங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வெட்டு. மேலே ஒரு கம்பி காத்திருக்கும். மூன்று வெட்டுகளும் கம்பிக்குக் கீழே ஒரே கோட்டில் வந்து நின்றால் கம்பி உள்ளே விழும், பூட்டு திறக்கும். ஆனால் உலகத்தில் எந்த மூன்று சக்கரமும் அச்சு அசலாக ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு சக்கரத்தின் வெட்டு சரியான இடத்துக்கு வந்தால் போதும், கம்பி மயிரிழை தாழும். டயலை இடமும் வலமும் மெல்லத் திருப்பினால் விரலில் இரண்டு இடங்களில் தட்டும். கம்பி தாழும்போது அந்த இரண்டு தட்டலுக்கும் நடுவே உள்ள தூரம் கொஞ்சம் குறையும். அதைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டே போக வேண்டும். எங்கே கோடு பள்ளத்தில் இறங்குகிறதோ அங்கே ஒரு வெட்டு இருக்கிறது என்று அர்த்தம். கட்டம் போட்ட தாளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை, புடவைக்கு டிசைன் போடுகிறவர்கள் வாங்கும் கடையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும்.

வீரபாகு என் மேஜைக்கு வந்தது கார்த்திகை மாதத்தில். காலமாகிவிட்ட அப்பாவின் பெயரில் இருந்த கடை மின் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்ற வந்திருந்தார். ஐம்பது தாண்டிய ஆள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் மூக்குக் கண்ணாடி. சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றதால் எனக்கு எரிச்சல். மேஜை இழுப்பறையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்த பூட்டை மூடி வைக்க மறந்துவிட்டேன்.

"மேடம், இது நம்பர் பூட்டுதானே?"

"ஆமா சார். இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

"இதே மாதிரி ஒண்ணு எங்க கடைப் பெட்டியில இருக்குது மேடம். நம்பரு அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அவரு போனதுலேந்து அப்படியே மூடிக் கெடக்குது."

நான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தேன். அன்று மதியம் யாருடைய கணக்கையும் நான் ஒழுங்காகப் பார்த்ததாக நினைவில்லை. பலகைப் பூட்டு வேறு, நிஜப் பெட்டி வேறு. நிஜப் பெட்டியில் யாரோ ஒருவர் தன் மனதுக்குப் பட்ட எண்ணை வைத்து, அதை யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறார். எனக்கு அப்படி ஒன்று வாழ்நாளில் கிடைக்கும் என்று நினைத்ததே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். காந்தி ரோட்டில் பெரிய பெரிய பட்டுக்கடைகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் கடை அது. கீழே வியாபாரம், மாடியில் சரக்கு அறை. அந்த அறையில் இடுப்புயரத்துக்கு ஒரு பச்சை இரும்புப் பெட்டி. சென்னையில் எப்போதோ மூடிப்போன கம்பெனி ஒன்றின் ஏலத்தில் அவர் அப்பா பழனி எடுத்ததாம். கடைப் பத்திரமும் வீட்டுப் பெண்களின் பழைய நகைகளும் உள்ளே இருக்கின்றன. நான் டயலைத் தொட்டேன். வெண்ணெயில் விரல் போவது மாதிரி திரும்பியது. அன்றே எனக்கு அந்தப் பெட்டியைப் பிடித்துவிட்டது.

"அப்பா எதுவுமே சொல்லலியா சார்?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "சொன்னாரு மேடம். அத ஏன் கேக்கறீங்க! வாதம் வந்து வாய் இழுத்துக்கிச்சு. நான் அப்ப சூரத்துக்கு ஜரிகை எடுக்கப் போயிருந்தேன். எம் பொண்ணு ஜெயப்ரியாதான் ஆஸ்பத்திரியில கூட இருந்துது. தாத்தா, பெட்டி நம்பர் சொல்லு தாத்தான்னு கேட்டுக்குது. தாத்தா என்ன சொல்லிச்சு தெரியுமா? அரவை, ரவை, டப்பா!"

"அப்படின்னா?"

"யாருக்குத் தெரியும்? ரவை டப்பாவுல சீட்டு எழுதிப் போட்டுக்கறாருன்னு வீட்ல இருந்த டப்பாவையெல்லாம் கவுத்துப் பார்த்தாங்க. ஒண்ணுமில்ல. அப்புறம் அரவைன்னா மில்லுதானேன்னு மாப்ள சந்தோஷ்குமாரு முசரவாக்கத்துக்கு பைக்க எடுத்துக்கினு ஓடினாரு, அங்கதான் கோதுமை அரைப்போம். மில்லுக்காரரு பாவம், மூட்டையெல்லாம் பிரிச்சுக் காட்டினாராம். கடைசியில தாத்தாவுக்கு ரவை உப்புமா மேல ஆசைன்னு முடிவு பண்ணி, எம் பொண்ணு கிண்டி எடுத்துக்கினு போச்சு. தாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிச்சாம்!"

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. "அரவை, ரவை, டப்பா" என்று இன்னொரு தடவை சொல்லிச் சிரித்தார். மறுபடியும் சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது, கண் சுவரில் எங்கேயோ போய் நின்றது. அப்பா நினைவு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. டயல் பக்கம் திரும்பிக் கட்டத் தாளை விரித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். "இதுக்கு எவ்ளோ நாளாவும் மேடம்?"

"சொல்ல முடியாது சார். சில வாரம் ஆகலாம்."

"ஆவட்டும். அவசரமில்ல" என்றார்.

மார்கழி வந்தது. மார்கழியில் கல்யாணம் இல்லாததால் கடை காற்று வாங்கும். நான் ஞாயிறு மதியம் போவேன். அவர் மாடி ஏறி வந்து முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்துவார், போனை அணைப்பார். இந்த வேலைக்குக் காது தேவையில்லை சார் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவருக்கு அது மனதில் ஏறவே இல்லை. நான் டயலில் கை வைத்தால் அவர் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விடுவார். பிறகு நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். எனக்காக ஒரு மனிதர் இவ்வளவு சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் என்னைச் சுற்றி டிவி ஓடும், குக்கர் கூவும், அண்ணி பேசுவாள்.

அவர் வெறுமனே உட்கார்ந்திருக்கவும் மாட்டார். பக்கத்தில் வந்து தாளைப் பார்ப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இங்க ஏன் மேடம் கோடு எறங்குது?" என்று கேட்பார். நான் சொல்வேன். "அப்ப இது முதல் சக்கரமா, மூணாவதா?" என்று கேட்பார். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்குவேன். இத்தனை வருடமாக நான் செய்துகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றி என்னிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. முதல் கேள்வி எல்லோரும் கேட்பார்கள், இதனால் என்ன லாபம் என்று. இரண்டாவது கேள்வியை வீரபாகுதான் கேட்டார்.

நடுவில் டீ வரும். அவர் மனைவி கொரோனா வருடத்தில் போனதைச் சொன்னார். அந்த அம்மாவுக்கு வெண்டைக்காய் பிடிக்காதாம், அதனால் இன்றுவரை அவரும் வாங்குவதில்லையாம். என்னைப் பற்றியும் கேட்டார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று மட்டும் கேட்கவில்லை. அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பதை மார்கழி பாதியிலேயே தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை காலையிலேயே ஞாயிற்றுக்கிழமைக்கு ஏங்க ஆரம்பித்துவிடுவேன். அலுவலகத்தில் பெயர் மாற்ற மனு யார் கொண்டுவந்தாலும் நல்லபடியாகப் பேசினேன், பக்கத்து மேஜைக்காரர்கள் உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டார்கள். காந்தி ரோட்டில் எனக்கு வேலையே இல்லாத நாட்களில் காந்தி ரோடு வழியாக வீட்டுக்குப் போனேன். கடைக்கு எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பேன், வேகமாகத்தான் நடப்பேன். உள்ளே வெள்ளைச் சட்டை தெரிந்தால் அன்றைக்கு அது போதும். நாற்பத்தாறு வயதில் இது என்ன கூத்து என்று என்னையே திட்டிக்கொள்வேன். திட்டினால் குறைகிற சமாச்சாரமாக அது இல்லை.

இதில் சிக்கல் என்னவென்றால், பூட்டு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. கோடு அறுபதில் இறங்கியது. பிறகு இருபதில் இறங்கியது. எது எந்தச் சக்கரம் என்பதும் தெரிந்துவிட்டது. இரண்டு கிடைத்துவிட்டால் மூன்றாவதைத் தேடவே வேண்டாம், டயலை வரிசையாகச் சுற்றிப் பார்த்தாலே ஒரு மதியத்தில் திறந்துகொள்ளும். அந்த மதியத்தைத்தான் நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் பெட்டி திறந்தால் அவர் ஊரைவிட்டுப் போய்விடுவார். மகளும் மாப்பிள்ளையும் ஓசூரில் இருக்கிறார்கள். கடையை யாரிடமாவது கொடுத்துவிட்டு எங்களோடு வந்து இரு என்று மகள் வாராவாரம் கூப்பிடுகிறாள். அவர் போனை அணைக்க மறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பக்கத்திலேயே பதில் சொன்னார். "பெட்டி தொறக்கட்டும்மா. பத்திரத்த எடுத்துக்கினு வந்துடறேன். மேடம் பார்த்துக்கினுதான் இருக்காங்க." நான் அந்த நேரத்தில் டயலைப் பிடித்திருந்தேன். விரல் வேர்த்துவிட்டது. அன்றிலிருந்து ஏற்கெனவே குறித்த இடங்களையே திரும்பத் திரும்பக் குறித்தேன்.

"இன்னொரு தடவை சரிபார்க்கணும் சார்."

"பாருங்க மேடம். என்ன அவசரம்?"

தை பிறந்ததும் கடை நிரம்பிவிட்டது. முகூர்த்தப் புடவை எடுக்க வேன் பிடித்து வருகிறவர்கள் கூட்டம். தை முதல் ஞாயிறு அவரால் மாடிக்கு வரவே முடியவில்லை. நான் தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று படியிறங்கி வந்தேன். கீழே திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, மாம்பழக் கலர் புடவையை விரித்து வைத்துக்கொண்டு விலைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. கடையில் வெகுநாளாக வேலை செய்யும் முருகேசன் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். வீரபாகு வேறு யாருக்கோ புடவை மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் ஒரு வார்த்தை சொன்னார்.

"இரவை."

"ஓனரே சொல்லிட்டாரும்மா. உங்களுக்காக இருபது பர்சன்ட் கம்மி" என்றார் முருகேசன்.

நான் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டேன். குடும்பம் பில் போடப் போனதும் முருகேசனை ஓரமாகக் கூப்பிட்டேன். "என்னவோ ரவைன்னாரே, அது என்ன?"

"ரவை இல்லம்மா, இரவை. தெலுங்கு. கஸ்டமர வெச்சுக்கினே வெலையப் பேச முடியுமா சொல்லுங்க? பெரியவரு காலத்துலேந்தே எங்க கடையில கணக்கு தெலுங்குலதான். அவரு பழகுன பட்டு ஏவாரிங்கல்லாம் தெலுங்கு பேசறவங்க, அவங்களாண்டேந்து வந்த பழக்கம். பதி, இரவை, முப்பை, நலபை..." என்று விரலை மடக்கிக்கொண்டே போனார். "யாபை, அரவை, டெப்பை..."

"அரவைன்னா?"

"அறுவதும்மா."

"டெப்பை?"

"எழுவது."

அரவை, இரவை, டெப்பை. வாய் இழுத்துக்கொண்ட கிழவர் பேத்தியிடம் தெள்ளத் தெளிவாக எண்ணைச் சொல்லியிருக்கிறார். கடையில் ஒருநாளும் உட்காராத பேத்தி அதைக் கொண்டுபோய் உப்புமா கிண்டியிருக்கிறாள். சரி, பேத்திக்குத் தெரியாது, மாப்பிள்ளைக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து இந்தக் கடையில் வளர்ந்தவருக்குமா தெரியாது? அன்று சிரிப்பை அவர் பாதியில் நிறுத்தியது அப்பா நினைவு வந்ததால் அல்ல. தன் வாயால் சொல்லும்போது அது தன் காதிலேயே விழுந்திருக்கிறது.

நான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். வீடு வரைக்கும் கோபம்தான். முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே மின்விசிறியை நிறுத்தி, மூச்சை அடக்கி, இங்க ஏன் கோடு எறங்குது மேடம் என்று கேட்டிருக்கிறார். நான் ஒரு கோமாளி மாதிரி விளக்கியிருக்கிறேன். என் விரல்மேல் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அதையே பொம்மையாக வைத்து விளையாடியிருக்கிறார் என்று கொதித்தேன்.

கோபம் கொஞ்சம் அடங்கியதும், நீ மட்டும் யோக்கியமா என்று மனசு கேட்டது. நானும்தான் திறக்கத் தெரிந்துகொண்டு திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் என் காரணம் எனக்குத் தெரியும். அவர் காரணம் தெரியாதே! அவர் ஓசூருக்குப் போகப் பிடிக்காமல் பெட்டியை மூடி வைத்திருக்கலாம். மகளிடம் சொல்ல ஒரு சாக்கு வேண்டும், அந்தச் சாக்குக்கு ஒரு ஆள் வேண்டும், மின்வாரியத்தில் ஒருத்தி தானாக வந்து மாட்டினாள். அப்படித்தான் இருக்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றும். அப்படி இருக்கவே கூடாது என்று அடுத்த நிமிஷம் தோன்றும். ஊரை விட மனமில்லையா, என்னை விட மனமில்லையா? இது ஒன்று தெரிந்தால் போதும் என்று ஏங்கினேன். விரலில் தட்டிச் சொல்வதற்கு மனிதருக்குள் கம்பியா இருக்கிறது?

அடுத்த ஞாயிறு போகவில்லை. மாடி அறையில் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து என் பூட்டுகளில் ஒன்றைத் திருகினேன். இரண்டு தட்டலும் ஒன்றுபோலவே இருந்தன, எதுவும் பிடிபடவில்லை. மதியம் அவரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"ஃபேனெல்லாம் நிறுத்தி வெச்சுக்கினு உக்காந்துக்கினு இருந்தேன். நீங்க வரல."

வேலை இருந்தது என்று மட்டும் சொன்னேன். பிறகு, "அடுத்த வாரம் கட்டாயம் வாங்க மேடம். பொண்ணு வருது. கட்டிங் மிஷின் வெச்சிருக்கற ஆளக் கூட்டிக்கினு வருதாம். பெட்டிய அறுத்துடலாம்னு சொல்லுது" என்றார். அவர் குரலில் பயம் இருந்தது. அந்தப் பயம் பெட்டிக்காகவா, எனக்காகவா என்று அதிலும் தெரியவில்லை.

போனேன். அறுக்க விடக்கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஜெயப்ரியா நல்ல பெண். அப்பாவின் சட்டைக் காலரைப் பார்த்துவிட்டு, "யாருப்பா தொவைக்கறாங்க இத?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது நான் மாடி ஏறினேன். என்னைப் பார்த்ததும் வணக்கம் சொன்னாள், நாற்காலி போட்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம், இவ்ளோ நாளா ட்ரை பண்ணீங்க. இனிமே உங்களுக்கும் கஷ்டம் வேணாம். அப்பா இங்க ஓட்டல்ல சாப்டுக்கினு தனியா கெடக்கறாரு. என்னால அங்க நிம்மதியா தூங்க முடியல. வெல்டிங் அண்ணன் கட்டிங் மிஷினோட கீழ இருக்காரு. இன்னிக்கே முடிச்சுடலாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நீங்க எந்தத் தெரு மேடம்?"

சொன்னேன். காஞ்சிபுரத்தில் தெருவைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் அதற்குமேல் எதையும் கேட்க வேண்டியதில்லை. அவள் "ஓ, சரி" என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்திருக்கிறேன்.

வீரபாகு ஜன்னல் ஓரமாக நின்றிருந்தார். மின்விசிறி நின்றிருந்தது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"அறுக்க வேணாம்மா. எனக்கு அஞ்சு நிமிஷம் குடு" என்று ஜெயப்ரியாவிடம் சொல்லிவிட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது? திறந்தாலும் போவார், அறுத்தாலும் போவார். அறுத்தால் ஒரு நல்ல பூட்டு வீணாகச் சாகும். போவதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

டயலை இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து அறுபதில் நிறுத்தினேன்.

"அரவை" என்றேன், உரக்க.

ஜன்னல் பக்கம் அசைவு கேட்டது. நான் திரும்பவில்லை. வலப்பக்கமாகச் சுற்றி இருபதுக்குக் கொண்டுவந்தேன்.

"இரவை."

"ரவை டப்பாவா?" என்று ஜெயப்ரியா சிரித்தாள். "அத இன்னும் மறக்கலியா அப்பா? மேடமாண்டயும் சொல்லிட்டியா?"

மூன்றாவது எண்ணுக்கு நான் டயலைத் திருப்பவில்லை. கையை அதன்மேல் அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் பேசாமல் இருந்துவிட்டால் நானே எழுபதில் நிறுத்திக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இனி காந்தி ரோடு வழியாக நடப்பதற்குக்கூட ஒரு காரணம் இருக்காது. பேசுங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை.

"டெப்பை" என்றார் அவர்.

எழுபதில் நிறுத்தினேன். பிறகு மெல்ல வலப்பக்கம் திருப்பினேன். டயல் ஓர் இடத்தில் நின்றது. கைப்பிடியை இறக்கியதும் கதவு தானாக ஒரு விரற்கடை முன்னால் வந்தது.

ஜெயப்ரியா பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "என்னப்பா இது? ஒனக்கு நம்பரு தெரியுமா?"

"தெலுங்கு கணக்கும்மா. அறுவது, இருவது, எழுவது. தாத்தா சரியாத்தான் சொல்லிச்சு, ஒனக்குத்தான் புரியல."

"ஒனக்கு எப்ப புரிஞ்சுது?"

"மேடம் மொத நாள் வந்தப்பவே. அந்தக் கதைய என் வாயால சொன்னேனா, அப்பதான் காதுல வுழுந்துது."

"பின்ன ஏம்பா சொல்லல? ஓசூருக்கு வரப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே! இத்தன நாளா பெட்டி பெட்டின்னு..."

"ஓசூருக்கு வரதுல எனக்கு என்னம்மா கஷ்டம்? நீ இருக்கற எடந்தானே" என்றார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், போட்டுக்கொள்ளாமல் கையில் வைத்துத் துடைத்தார். பெற்ற மகளுக்கு முன்னால் அவர் முகம் சிவந்துபோயிருந்தது. "அன்னிக்கே சொல்லிடலாம்னுதான் இருந்தேன். இவங்க தாள விரிச்சு உக்காந்துட்டாங்க. அடுத்த வாரம் சொல்லலாம்னு வுட்டேன். அடுத்த வாரமும் வந்தாங்க. சொல்லிட்டா இவங்க அப்புறம் எதுக்கு வரப்போறாங்க?"

நான் டயலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இருந்த எண்களெல்லாம் கலங்கித் தெரிந்தன. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் மட்டும் தனியாக மாட்டிக்கொள்வார், நான் நல்லவளாகக் கீழே இறங்கிப் போய்விடலாம். அப்படிப் போய் என்ன செய்வது? அதே மாடி அறை, அதே பலகை, பின்னால் அதே சுவர்.

"எனக்கும் தெரியும்மா" என்று ஜெயப்ரியாவிடம் சொன்னேன். "மார்கழியிலேயே தொறந்திருக்கலாம். நாந்தான் தொறக்கல."

வீரபாகு என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி துடைத்த கை அப்படியே நின்றது. "நெசமாவா மேடம்?" என்றார்.

"கோடு எறங்கினத நீங்களே பார்த்தீங்களே சார்."

கீழேயிருந்து வெல்டிங் ஆள், மேலே வரலாமா என்று குரல் கொடுத்தார். பெட்டிக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. ஜெயப்ரியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கோபமா அழுகையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அப்ப ரெண்டு பேரும் இங்க உக்காந்துக்கினு இத்தன நாளா என்னதான் பண்ணிக்கினு இருந்தீங்க?"

அவர் பதிலுக்காக நான் காத்திருந்தேன். இந்த முறை அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"பூட்டத்தாம்மா தொறந்துக்கினு இருந்தோம்" என்றார்.